ஒரு பாறை, நான்கு ஊர்: கார்த்திகையில் முட்டம் கடற்கரையைப் பார்ப்பது எப்படி?

குமரி மாவட்டத்து முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இறங்கினால் பாறைகள் கடலுக்குள் முதுகு காட்டிக் கிடக்கும். வருகிறவர்கள் அலையைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். ஒரு ஐந்து நிமிடம் அலையை விட்டுவிட்டு, அது அடிக்கிற பாறையின் பக்கவாட்டைப் பாருங்கள். உச்சியில் வெறும் சாம்பல் நிறக் கல். அதற்குக் கீழே தார் பூசியதுபோல ஒரு கறுப்புப் பட்டை. அதற்கும் கீழே சுண்ணாம்பு தெளித்தது போன்ற வெள்ளைப் பொரிகள். பிறகு பச்சையும் பழுப்புமாக ஒரு திரள். கடைசியில், அலை பின்வாங்கும் நொடியில் மட்டும் தலைகாட்டும் செம்பழுப்பு. கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் அடித்த மாதிரிதான், ஆனால் படுக்கை வாட்டத்தில்.

இந்தப் பட்டைகளை யாரும் அடிக்கவில்லை. உச்சிக் கல்லைத் தவிர அத்தனையும் உயிர்; ஒவ்வொரு பட்டையும் ஓர் ஊர். ஒவ்வொன்றும் ஏன் அங்கேயே நிற்கிறது, ஏன் ஒரு சாண் மேலே ஏறவில்லை, ஏன் ஒரு சாண் கீழே இறங்கவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். உயிரியலில் இதற்கு மண்டல அமைவு என்று பெயர். பெயரை மறந்துவிட்டாலும் பரவாயில்லை. "ஏன் இங்கே? ஏன் அங்கே இல்லை?" என்ற இரண்டு கேள்வியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஏன் கார்த்திகை என்று கேட்பீர்கள். குளச்சல், கடியப்பட்டணம், முட்டம் வரிசையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாறைகளை நெருங்க முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று கடலைத் தூக்கிக் கரையில் எறியும். ஐப்பசி பிறந்ததும் காற்று திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து, அதாவது இந்தக் கரைக்குத் தரைப்பக்கத்திலிருந்து வீசுவதால் கடல் தணிகிறது. நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர் என்று தனிப் பருவமாகவே வைத்திருந்தார்கள். மேலை நாடுகளில் இலையுதிர்காலம் முடிகிற நேரம் இது. நமக்கு இலை உதிர்வதில்லை; மழை பெய்து தளிர்க்கிறது. ஆடி அலை பிய்த்துப்போட்ட பாறைப் பரப்பில் புது உயிர்கள் குடியேறிக்கொண்டிருக்கும். வடக்கேயிருந்து பறவைகள் வந்து இறங்கியிருக்கும். பாறையையும் கரையையும் வானத்தையும் ஒரே காலையில் பார்க்க இதைவிட நல்ல மாதம் எனக்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஓதம். கடல் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறுகிறது, இரண்டு முறை வடிகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால்தான் நேற்று பார்த்த நீர் வடியும் நேரம் இன்று 50 நிமிடம் போல் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வடிவதும் அதிகம். திருக்கார்த்திகைக்கு வீட்டு வாசலில் விளக்கு வைக்கிற அந்தப் பௌர்ணமியும் அப்படிப்பட்ட நாள்தான். குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 10 மீட்டர் வரை போகும். குமரிக் கரையில் ஒரு மீட்டர்கூடத் தேறுவது கடினம். அதனால் அங்கே பல ஆள் உயரத்துக்கு விரிந்து கிடக்கிற கதை இங்கே இடுப்பளவு உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. புதிதாகப் பார்க்க வருகிறவருக்கு இது பெரிய வசதி. நின்ற இடத்திலேயே எல்லா ஊரையும் பார்த்துவிடலாம்.

கறுப்புப் பட்டையிலிருந்து தொடங்குவோம். இங்கே கடல்நீர் நேரடியாக வருவது அபூர்வம். அலை தெறிக்கும் துளிகள்தான் வரும். அந்தக் கறுப்பு, பாறையோடு பாறையாகப் படிந்த நீலப்பசும் பாக்டீரியா. ஈரமானால் வழுக்கும், கால் வைக்காதீர்கள். பாறையின் கீறல்களில் மிளகு அளவுக்குச் சின்ன நத்தைகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒட்டியிருக்கும். விரலால் தொட்டால் செத்ததுபோல் இருக்கும். செத்தவை அல்ல. வாசலை மூடி அடைத்து, உள்ளே இருக்கிற ஈரத்தை வைத்துக்கொண்டு, அடுத்த சாரலுக்காகக் காத்திருக்கின்றன. கரப்பான்பூச்சி போல ஒன்று சரசரவென்று கீறலுக்குள் ஓடினால் முகம் சுளிக்க வேண்டாம். அது பூச்சியே இல்லை. நண்டுக்கும் இறாலுக்கும் தூரத்து உறவு. தண்ணீருக்குள் தள்ளினால் வேகமாக மேலே ஏறி வந்துவிடும்.

அடுத்தது அந்த வெள்ளைப் பொரிகள். கடற்கரையில் இதைக் கொட்டலசு என்பார்கள். வள்ளத்தின் அடியில், தூண்களில், ஆமையின் ஓட்டில்கூட ஒட்டிக்கொள்ளும். சின்ன எரிமலை மாதிரி ஒரு கூம்பு, நடுவில் மூடியிட்ட வாய். வெறுங்காலில் நடந்தவர்களுக்கு இதன் விளிம்பு எவ்வளவு கூர்மை என்று தெரியும். வெகுகாலம் இதைச் சிப்பி இனம் என்றே நினைத்திருந்தார்கள். 1830-ல் இதன் குஞ்சு நீரில் நீந்துகிறது என்ற செய்தி வெளியான பிறகுதான் இதுவும் நண்டின் சொந்தம் என்று புரிந்தது. சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இதே பிராணியோடு மல்லுக்கட்டினார்.

இங்கே நின்று ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். பாறையில் குழியாகத் தேங்கிய நீரில் கொட்டலசு ஒட்டிய இடத்தைத் தேடுங்கள். உங்கள் நிழல் விழாதபடி குத்தவைத்து உட்காருங்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு கூம்பின் மூடி பிளக்கும். உள்ளிருந்து இறகு போன்ற ஒரு கொத்து வெளியே வந்து, விரிந்து, தண்ணீரை ஒரு முறை வாரி, உள்ளே போகும். மறுபடியும் வரும். மறுபடியும் வாரும். அந்த இறகுக்கொத்துதான் அதன் கால்கள். குஞ்சாக நீந்தி வந்து, தலையைப் பாறையில் ஒட்டவைத்து, சுற்றிலும் கோட்டை கட்டிக்கொண்டு, மல்லாந்தபடி வாழ்நாள் முழுக்கக் காலால் சோற்றை வாயில் தள்ளுகிறது. நான் முதன்முதலில் இதைப் பார்த்த அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

கொட்டலசுக்கு நடுவே தொப்பி கவிழ்த்ததுபோல ஒற்றை ஓட்டோடு சில நத்தைகள் இருக்கும். தொப்பி நத்தை என்று வைத்துக்கொள்வோம். நீர் மூடியிருக்கும்போது மெல்ல ஊர்ந்து பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும். இவற்றில் பல இனங்கள் மேய்ந்து முடித்ததும் புறப்பட்ட அதே இடத்துக்குத் திரும்பும். பாறையில் ஓட்டின் விளிம்பு அச்சாகப் பதிந்த ஒரு தழும்பு இருக்கும், அதுதான் வீடு. அச்சு பொருந்தினால் ஈரம் கசியாது. அவற்றின் நாக்கில் இருக்கும் நுண்பற்கள் இரும்புக் கனிமம் கலந்தவை. ஐரோப்பியத் தொப்பி நத்தை ஒன்றின் பற்களை 2015-ல் பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, அவை சிலந்தி நூலைவிட வலிமையானவை என்று தெரியவந்தது. விலகாதா என்று விரலால் நெம்பிப் பார்க்காதீர்கள். பாதம் கிழிந்தால் அதன் கதை முடிந்தது.

அதற்குக் கீழே பச்சை. பல் துலக்கும் தூரிகையைக் குத்துக் குத்தாக நட்டு வைத்ததுபோல ஒரு பாசி, அலை அடிக்கிற முனையில்தான் செழிக்கும். மெல்லிய பட்டுத்துணி போல இன்னொன்று. அவற்றோடு பின்னிக்கொண்டு பழுப்பு நிறச் சிப்பிக் கூட்டம். குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சிப்பி என்றாலே இதுதான், கேரளத்தில் கல்லுமேக்காய். தன் உடம்பிலிருந்து நூல் சுரந்து பாறையில் கட்டிக்கொண்டு நிற்கும். பருவக்காற்று ஓய்ந்த பிறகான இந்த மாதங்களில் பெரிய சிப்பிகளின் இடுக்கில் நகக்கண் அளவுக்குக் குஞ்சுச் சிப்பிகள் தெரியும். பாறையில் திட்டுத்திட்டாக வெறுமையான இடங்களும் இருக்கும். ஆடி அலை பெயர்த்த இடம் அது, இல்லையென்றால் யாரோ உளியால் பெயர்த்து எடுத்த இடம். அந்த வெறுமையை அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். முதலில் வழவழப்பான படலம், பிறகு மெல்லிய பச்சை, பிறகு கொட்டலசுக் குஞ்சு, கடைசியில் சிப்பி என்று ஒரு காலி மனை ஊராகிற கதை அங்கேதான் நடக்கிறது.

கடைசி ஊர், நீர் நன்றாக வடிந்த நாளில் மட்டும் வாசல் திறக்கும். இளஞ்சிவப்புச் சாயம் கொட்டிக் காய்ந்ததுபோல் பாறையில் படிந்திருப்பது சுண்ணாம்பு சேர்க்கும் பாசி. குட்டித் திராட்சை போன்ற காற்றுப் பைகளோடு ஆடுவது ராமநாதபுரம் கரையில் கட்டக்கோரை என்று சொல்லப்படுவது. அந்தப் பைகள்தான் அதை வெளிச்சத்தை நோக்கித் தூக்கி நிறுத்துகின்றன. இதற்கும் கீழே போக ஆசை வரும். போகாதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இவை ஏன் இப்படி வரிசை கட்டி நிற்கின்றன? மேலே போனால் வெயில், உப்பு, ஈரம் காய்ந்துபோவது. எவ்வளவு நேரம் தண்ணீர் இல்லாமல் தாங்கும் என்பது ஒவ்வொரு உயிருக்கும் வேறு. அதைத் தாண்டி அதனால் ஏற முடியாது. ஆக, மேல் எல்லையைப் பெரும்பாலும் உலர்தல் தீர்மானிக்கிறது. இது சுலபமாகப் புரியும். ஆனால் கீழ் எல்லை? தண்ணீரில் வாழும் பிராணிக்குத் தண்ணீருக்கு இன்னும் பக்கத்தில் போவதில் என்ன கஷ்டம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் ஜோசப் கானல் என்ற அமெரிக்கர். ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவில், மில்போர்ட் கரையில் செய்த சோதனையை 1961-ல் வெளியிட்டார். அங்கே இரண்டு வகைக் கொட்டலசு உண்டு. சிறியது மேலே, பெரியது கீழே. சிறியதன் குஞ்சுகள் கீழேயும் வந்து ஒட்டத்தான் செய்தன, ஆனால் பிழைக்கவில்லை. கானல் சிறியவை ஒட்டிய கற்களைக் கீழே கொண்டுபோய் வைத்தார். கல்லில் ஒரு பாதியில் பெரிய இனத்தை மட்டும் வந்ததும் வந்ததுமாக அகற்றிக்கொண்டே இருந்தார். அந்தப் பாதியில் சிறியது நன்றாகவே வாழ்ந்தது! மற்றப் பாதியில் பெரியவை வேகமாக வளர்ந்து சிறியதை மூடி, அடியோடு நெம்பி, நசுக்கிவிட்டன. அதாவது சிறியது மேலே இருப்பது அந்த இடம் பிடித்ததால் அல்ல. கீழே இருக்க விடாததால். பெரியதோ மேலே வர முடியாது, காய்ந்துவிடும். வெயில் கொல்லும் இடம்தான் சிறியதற்குப் புகலிடம்.

மேல் எல்லையை வானிலை எழுதுகிறது, கீழ் எல்லையை அக்கம்பக்கத்தார் எழுதுகிறார்கள். புதிதாகப் பார்க்க வருகிறவர் இந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் எந்தப் பாறையையும் வாசிக்கத் தொடங்கலாம். அக்கம்பக்கத்தார் என்பதில் இடத்துக்குப் போட்டி போடுகிறவர்களோடு தின்ன வருகிறவர்களும் சேர்த்தி. இதை எல்லாக் கரைக்கும் மாறாத சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில இடங்களில் மேல் எல்லையையும் மேய்கிறவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். நம் கரையில் மனிதரும் உண்டு. கையெட்டும் பாறையில் சிப்பி இல்லாமல், கையெட்டாத பாறையில் மண்டிக்கிடந்தால், அந்தக் கோட்டை வரைந்தது கடல் அல்ல.

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. கடலைப் பார்த்து நிற்கும் முகமும் கரையைப் பார்த்து நிற்கும் முகமும் உள்ள ஒரே பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் முகத்தில் கொட்டலசு எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது? மறைவான முகத்தில்? அலை படும் பக்கம் பட்டைகள் எல்லாம் உயர்ந்தும் அகன்றும் இருக்கும். தெறிக்கும் ஈரம் மேலே வரை போவதால் பாறை அங்கே தாமதமாகத்தான் காய்கிறது. ஓதம் சிறிதாக இருக்கிற குமரிக் கரையில் பட்டைகளின் உயரத்தை நிர்ணயிப்பதில் அலைக்குத்தான் பெரிய பங்கு. சாண், முழம் என்று கையாலேயே அளந்து குறித்துக்கொள்ளலாம்.

கூதிருக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு: மழை. கோடையில் பாறைக் குழிகளில் நீர் வற்றி உப்பு ஏறும். கார்த்திகையில் ஒரு மணி நேரம் கொட்டினால் அதே குழி அரைகுறை நன்னீராகிவிடும். உள்ளே இருப்பவற்றுக்கு இரண்டும் ஆபத்துதான். விரிந்த பூப்போல் இருந்த கடல் சாமந்தி என்ற பிராணி ஒரு கொழகொழத்த குமிழாகச் சுருங்கிக் கிடக்கும். கொட்டலசு மூடியைத் திறக்காது. அதனால் மழை விட்ட உடனே போய் "ஒன்றையும் காணோமே" என்று திரும்பாதீர்கள். ஓர் ஓதம் வந்து குழியைக் கழுவிவிட்டுப் போகட்டும். கடியப்பட்டணத்தில் சிப்பி எடுக்கிற பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னதும் இதேதான்: "மக்கா, பாறைய பாத்தா போராது. தண்ணி வந்து வத்துற வர பொறுத்து இருக்கணும்."

நீர் வடியத் தொடங்கியதும் பறவைகள் வரும். கல்திருப்பி உள்ளானைத் தேடுங்கள். மைனாவைவிடச் சற்றுத் தடித்த, ஆரஞ்சுக் கால் பறவை. முதுகில் பழுப்பும் கறுப்பும். பாறையில் உட்கார்ந்தால் பாறையாகிவிடும், அசைந்தால்தான் தெரியும். பெயருக்கேற்ப வேலை செய்யும்: சிறு கல், சிப்பி ஓடு, பாசிக்கொத்து எதுவானாலும் அலகை அடியில் கொடுத்து நெம்பிப் புரட்டி, அடியில் ஓடுவதைக் கொத்தும். சுமார் 100 கிராம் எடை. ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு இந்தப் பாறைகளைத் தேடி வருகிறது. அதற்குத் தெரிந்த முட்டமும் ஓதத்தின் முட்டம்தான். வடிந்தால் சாப்பாடு, ஏறினால் உச்சிப் பாறையில் ஓய்வு. நாய்களும் நாமும் துரத்தினால் அந்த ஓய்வு போய்விடும். கரைக்கொக்கு, கருஞ்சாம்பல் நிறத்தில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாகப் பாறை விளிம்பில் நிற்கும். இரண்டும் ஒரே இனம். மேலே செம்பருந்து எப்போதும் இருக்கும்.

வானத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம். "தட்டான் தாழப் பறந்தால் மழை" என்பார்களே, அந்தத் தட்டான்களில் பொன்மஞ்சள் நிறத்தில் ஓரினம் ஐப்பசியில் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் அலையும். இந்தியாவிலிருந்து புறப்படுகிறவை அக்டோபரில் மாலத்தீவில் வந்து இறங்குவதைப் பார்த்து, அங்கே வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார். வடகிழக்குக் காற்றில் ஏறி இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை வரை போகின்றன என்பது அவர் கணிப்பு. மீனவர் கடலுக்குப் போகத் தோதான அதே காற்று!

தரைப்பக்கம் திரும்பினால் பட்டைகள் முடிந்துவிடவில்லை. பாறை இடுக்கில் மண் தேங்கிய இடத்திலிருந்து மேட்டு வரை செடிகளும் வரிசையாகத்தான் நிற்கின்றன. இங்கே அளவுகோல், காற்றில் வருகிற உப்புச் சாரல். முன்வரிசையில் அடம்பு. ஆட்டுக்குளம்பு போல நடுவில் பிளந்த இலை, காலையில் ஊதாப்பூ, மதியத்துக்குள் வாடும். இலையை ஒடிக்காமல் விரலால் தடவிப் பாருங்கள். தோல் போலத் தடித்திருக்கும். உப்பிடம் நீரை இழக்காமல் இருக்க அந்தத் தடிப்பு. விதை கடலில் மிதந்து வேறு கரைக்குப் போய் முளைக்கும். அதனோடு மணல் பிடிக்கிற ராவணன் மீசை. அடுத்து எருக்கும் தாழையும். சாரல் குறைகிற இடத்தில்தான் புன்னையும் பனையும். மழை பெய்த கார்த்திகையில் அடம்பின் கொடி நுனிகள் மணலில் எவ்வளவு தூரம் கடலை நோக்கி ஓடியிருக்கின்றன என்று பாருங்கள். ஆடியில் அலை அறுத்த இடத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

போகும்போது கவனிக்க வேண்டியதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். முட்டத்துப் பாறைகள் ஆளைக் கொல்லும். கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. தனியாகப் போகக் கூடாது. ஈரமாக இருக்கும் பாறை என்றால் அலை அங்கே வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். காய்ந்த பாறையில் மட்டும் நில்லுங்கள். ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30 அன்று குமரியைச் சூறையாடியது இதே கூதிரில்தான். அதனால் வானிலை எச்சரிக்கையோடு, ஹைதராபாத்தின் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் வெளியிடும் அலை எச்சரிக்கையையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கரையில் நிற்கிற மீனவர் "இன்னைக்கு வேண்டாம்" என்றால் அதற்கு மேல் யாரிடமும் கேட்க வேண்டாம். நீர் முழுவதும் வடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள், திரும்ப ஏறத் தொடங்கியதும் மேலே வந்துவிடுங்கள். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். அடியில் இருப்பது இருட்டுக்கும் ஈரத்துக்கும் பழகியது. அரை மணி வெயிலில் வெந்துவிடும். உயிருள்ள எதையும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.

கையில் ஒரு நோட்டும் பென்சிலும் போதும், இரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி இருந்தால் நல்லது. முதல் நாள் பெயர் தேடி அலையாதீர்கள். ஒரே ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து, ஒரு கோட்டுப்படம் போட்டு, பட்டைகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை சாண் என்று எழுதுங்கள். நாளும் நேரமும் மறக்க வேண்டாம். பாறையில் மாறாத ஓர் அடையாளம், ஒரு பிளவோ வெள்ளைக்கல் ரேகையோ, படத்தில் இருக்கட்டும். பங்குனியில் அதே இடத்துக்கு வந்து, அதே அடையாளத்தைச் சேர்த்து இன்னொரு படம் போடுங்கள். கார்த்திகையில் ஒரு முழம் இருந்த பச்சையின் மேல்பாதி வெயிலில் வெளுத்து, காகிதம் போல் பாறையில் ஒட்டிக்கிடக்கும். காலி மனையில் குஞ்சுச் சிப்பி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அப்போது சாண் போட்டுப் பாருங்கள்.